ஸ்மார்ட் கிரிட் வந்தால் பாலக்கோடு பக்கம் லோ வோல்டேஜ் தீருமா?

மாரண்டஅள்ளி_தோட்டம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு தாலுகாவில் மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தக்காளியும் பட்டுப்புழுவுக்கு மல்பெரியும்தான் பிரதானம். போர் ஆயிரம் அடிக்கு மேல், உள்ளே 10 எச்பி நீர்மூழ்கி மோட்டார். கிணறுகளுக்கு மூணு பேஸ் கரண்ட் விடும் முறை நேரம் வந்ததும் பார்த்தால் ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டர் 340ல் நிற்கும், 415 காட்ட வேண்டிய இடத்தில். மோட்டார் உறுமும், ஆம்ப்ஸ் முள் சிவப்புக் கோட்டுக்குப் போகும், குழாய் வாயில் தண்ணீர் விரல் தடிமனுக்கு வரும், கொஞ்ச நேரத்தில் ரிலே தட்டிவிடும். ரிலேவை மீறி ஓட்டினால் காயில் கருகிவிடும். அவ்வளவு ஆழத்திலிருந்து மோட்டாரை மேலே தூக்க வண்டி வாடகை, ரீவைண்டிங் கூலி, மறுபடி இறக்கக் கூலி என்று போய்க்கொண்டே இருக்கும். தக்காளி பூ விட்டிருக்கும் நேரத்தில் நாலு நாள் தண்ணீர் நின்றால் அந்த நடவே வீண்.

இப்போது எங்கே பார்த்தாலும் ஸ்மார்ட் மீட்டர், ஸ்மார்ட் கிரிட் என்று பேச்சு. வீட்டில் சிம் கார்டு வைத்த மீட்டர் மாட்டினால் என் கிணற்றில் வோல்டேஜ் எப்படி ஏறும் என்பது எனக்குப் புரியவில்லை. ஊரில் பலர், இது எல்லாம் கிணற்றுக்கு மீட்டர் வைத்து இலவசக் கரண்டைப் பிடுங்குவதற்கான வழி என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது உள்ளபடி சொல்லுங்கள். இதில் எங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது உண்டா?

பழைய_லைன் எழுதியது:

தம்பி, நான் மின்பகிர்மானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கம்தான் சர்வீஸ் முழுக்க. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் மீட்டரால் உங்கள் கிணற்றில் வோல்டேஜ் ஏறாது. ஆனால் ஸ்மார்ட் கிரிட் என்பது வீட்டு மீட்டர் இல்லை, துணைமின் நிலையத்திலிருந்து கடைசிக் கிணறு வரைக்கும் லைனை அளந்து பார்த்து, தூரத்திலிருந்தே இயக்குகிற ஏற்பாடு. அதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நிலைமை இப்போது எப்படி என்று முதலில் பாருங்கள். 2012ல் நம் பக்கம் ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது பிரச்சினை மின்சாரமே இல்லை என்பது. தென்னக மின்தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு இணையாமல் தனியாக இருந்த காலம் அது, வடக்கே மிச்சம் இருந்தாலும் வேண்டிய அளவுக்கு இங்கே கொண்டுவர முடியாது. 2013 டிசம்பர் 31ல் ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே தொகுப்பு ஆனது. இன்றைக்கு தருமபுரி மாவட்டத்திலேயே 765 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது, அதையும் சமாளித்துக் கொடுத்தார்கள். அப்படி இருந்தும் உங்கள் ஸ்டார்ட்டரில் 340 காட்டுகிறது என்றால், கோளாறு கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தக் கடைசித் தூரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண்ணே இல்லை, அதுதான் விஷயம்.

துணைமின் நிலையத்திலிருந்து ஊர்களுக்குக் கிளம்பும் 11 கிலோவோல்ட் லைனைத்தான் ஃபீடர் என்போம். அங்கே ஃபீடர் ஒவ்வொன்றுக்கும் பிரேக்கர் உண்டு, மீட்டர் உண்டு. பிரேக்கரைத் தாண்டி லைன் வெளியே போனதும், எந்த டிரான்ஸ்பார்மரில் எத்தனை ஆம்ப்ஸ் போகிறது, எந்த பேஸில் பளு அதிகம், கடைக்கோடிக் கிணற்றில் வோல்டேஜ் எவ்வளவு என்பதெல்லாம் யாராவது டாங் டெஸ்டரை (கம்பியைக் கவ்வி ஆம்ப்ஸ் பார்க்கும் கருவி) எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்தால் பெரிது. பார்ப்பதும் பகலில், லைன்மேனுக்கு நேரம் கிடைக்கும்போது. பளு உச்சத்துக்குப் போவதோ எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மூணு பேஸ் வரும் அந்த முதல் கால் மணி நேரம்.

கணக்கைப் பாருங்கள். 7.5 எச்பி மோட்டார் ஒன்று ஓடும்போது 8, 9 கேவிஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் பளுவைச் சொல்லும் அலகு) இழுக்கும். அப்படியானால் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் பதினொன்று பன்னிரண்டு மோட்டாரைத் தாங்கும். நிலத்தடி நீர் இறங்க இறங்க நம் ஊரில் 5 எச்பி எல்லாம் 7.5 ஆனது, 7.5 எல்லாம் 10 ஆனது. காகிதத்தில் பழைய கணக்கு, கம்பியில் புதிய பளு. இதற்கு மேல் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம், கரண்ட் வந்த நொடியில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். 415க்கு 340 என்றால் மோட்டாரின் இழுவை சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம், ஏனென்றால் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும் இறங்கும். ஆனால் தண்ணீரின் எடை குறையவில்லையே, அதனால் மோட்டார் கூடுதல் ஆம்ப்ஸ் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். ஆம்ப்ஸ் 20 சதவீதம் கூடினால் கம்பியில் சூடாகி வீணாவது 44 சதவீதம் கூடும், அதுவும் வர்க்கக் கணக்குதான். கம்பி சூடாக ஆக வோல்டேஜ் இன்னும் விழும். நீங்கள் பார்க்கும் 340 இப்படி வந்ததுதான்.

ஸ்மார்ட் கிரிட் இதில் என்ன செய்யும் என்றால், முதல் காரியம் டிரான்ஸ்பார்மருக்கு மீட்டர். அரை மணிக்கு ஒருமுறையோ கால் மணிக்கு ஒருமுறையோ மூன்று பேஸின் வோல்டேஜ், ஆம்ப்ஸ், பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது என்ற அளவு) எல்லாம் செல்போன் சிக்னல் வழியாகத் தானாக அலுவலகத்துக்குப் போய்விடும். மாரண்டஅள்ளியில் இன்ன டிரான்ஸ்பார்மர் தினமும் இந்த நேரத்தில் 140 சதவீதப் பளுவில் ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் திரையில் வரிசையாக நின்றால், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வைக்க வேண்டும் என்று எஸ்டிமேட் போட ஆதாரம் இருக்கிறது. இப்போது என்ன நடக்கிறது? டிரான்ஸ்பார்மர் எரிந்த பிறகுதான் அது பளு தாங்கவில்லை என்பதே தெரிகிறது.

நல்ல தீர்வு இன்னொன்றும் உண்டு. 415 வோல்ட் கம்பியை ஒரு கிலோமீட்டர் இழுப்பதற்குப் பதிலாக 11 கிலோவோல்ட்டையே கிணறு வரைக்கும் கொண்டுபோய், இரண்டு மூன்று கிணற்றுக்கு ஒரு சின்ன 25 கேவிஏ டிரான்ஸ்பார்மர் வைப்பது. அதே சக்தியை 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் போகும் ஆம்ப்ஸ் 26ல் ஒரு பங்குதான், வீணாவது கணக்கிலேயே வராத அளவுக்குக் குறையும். ஆனால் இது செலவுள்ள வேலை, எல்லா இடத்திலும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது. எந்த ஊருக்கு முதலில் என்று யார் முடிவு செய்வது? அளவு கையில் இருந்தால் அளவு சொல்லும். அளவு இல்லாவிட்டால் யாருக்கு ஆள் பலம் இருக்கிறதோ அவர் ஊருக்குப் போகும்.

ஓசூர்_சிஎன்சி எழுதியது:

பழைய_லைன் சார் சொன்னது தோட்டக் கணக்கு. தொழில் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் சொல்கிறேன். ஓசூரில் சிறு தொழிற்கூடம், வாகனக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறோம். எங்களுக்குக் கரண்ட் போவதைவிட மோசமானது, கரண்ட் போகாமல் ஒரு கணம் கண்ணைச் சிமிட்டுவது. எங்கேயோ பக்கத்து ஃபீடரில் இடி இறங்கினாலும், மரக்கிளை பட்டாலும், அந்தப் பிரேக்கர் விழும்வரை எங்கள் லைனிலும் வோல்டேஜ் இறங்கி ஏறும். டியூப்லைட் லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின், மட்டும் அலாரம் அடித்து நின்றுவிடும், டூல் பீஸுக்குள்ளேயே நிற்கும், அதன் வெட்டுமுனையான இன்சர்ட் உடையும், அந்த பீஸ் ஸ்கிராப். திரும்ப ரெஃபரன்ஸ் எடுத்து ஓட்ட அரை மணி போய்விடும். சாதாரண மீட்டரில் இதற்குத் தடயமே இருக்காது. வோல்டேஜ் இறக்கம், ஏற்றம், தடை எல்லாவற்றையும் நேரத்தோடு பதிவு செய்து வைக்கும் மீட்டர் இருந்தால்தான் "இன்ன தேதி இன்ன நிமிஷம் இப்படி ஆனது" என்று காட்டிப் பேச முடியும்.

கட்டண விஷயமும் உண்டு. எச்டி, அதாவது உயர் அழுத்த இணைப்பு உள்ள ஆலைகளுக்கு தமிழ்நாட்டில் பல வருஷமாகவே காலை மாலை உச்ச நேரத்துக்குக் கட்டணம் கூடுதல், 2022 முதல் அது 25 சதவீதம், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, வெயில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறைந்தது 20 சதவீதமாவது கம்மியாக இருக்க வேண்டும், உச்ச நேரத்தில் கூடுதலாக இருக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. 10 கிலோவாட்டுக்கு மேல் உள்ள வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல், விவசாயம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் என்று கெடு. நடைமுறையில் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணை போட வேண்டும், ஸ்மார்ட் மீட்டரும் இருக்க வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ், ஏர் கம்ப்ரசர் மாதிரி நேரத்தை மாற்றி ஓட்டக்கூடிய சுமையை வெயில் நேரத்துக்குத் தள்ளலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே லைட் போடும் நேரத்தில் நாம் பளுவை இறக்கினால் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக விலை அதிகமான மின்சாரத்தை வெளியே வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, எல்லாத் தொழிலாலும் நேரத்தை மாற்ற முடியாது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவரிடம் போய் உச்ச நேரத்தில் நிறுத்து என்றால் பழம் அழுகிவிடும். சீசன் இரண்டு மூன்று மாசம், அதில் இரவு பகல் பார்க்க முடியாது. கட்டணம் போடுகிறவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

பென்னாகரம்_ராகி எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் சொல்கிறீர்கள். நாங்கள் பென்னாகரம் பக்கம், மானாவாரி ராகியும் ஒரு கிணற்றுப் பாசனமும். எனக்கு இரண்டு சந்தேகம் இருக்கிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்று, அளவு எடுக்கிறோம் எடுக்கிறோம் என்று தொடங்கி அப்புறம் அந்த அளவை வைத்தே பில் போட மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1970களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் தெருவில் இறங்கி, துப்பாக்கிச் சூட்டில் உயிரையே விட்டார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கிடைத்ததுதான் இந்த இலவச மின்சாரம், யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. ஆயிரம் அடியிலிருந்து தண்ணீர் எடுத்து ராகியும் தக்காளியும் விளைவிக்கிறவரிடம் யூனிட்டுக்குக் காசு கேட்டால் விவசாயத்தை மூடிவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்ததை எல்லோரும் பார்த்தோம், குட்டிகள் இரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதம் கம்பைநல்லூரில் மேலே போகும் மின்கம்பியில் பட்டு ஒரு ஆண் யானை. வேலி போட்டதில் மனுஷர்களும் செத்திருக்கிறார்கள், அது பேப்பரில் மூலையில் வந்துவிட்டுப் போய்விடும். இந்த ஸ்மார்ட் கிரிட் இதைத் தடுக்குமா? டிரான்ஸ்பார்மருக்கு மீட்டர் வைத்தால் கரண்ட் திருட்டு உடனே தெரியும், வேலிக்குக் கொக்கி போட்டாலும் தெரிந்துவிடும் என்று ஒருவர் கூட்டத்தில் பேசினார்.

பழைய_லைன் எழுதியது:

அம்மா, இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் விஷயம். 2021ல் மத்திய அரசு மின்பகிர்மானத்தைச் சீரமைக்கத் தொடங்கிய ஆர்டிஎஸ்எஸ் திட்டத்தில்தான் நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்ற இலக்கு இருக்கிறது. மொத்தத் திட்ட மதிப்பு 3 லட்சம் கோடிக்கு மேல். அதில் ப்ரீபெய்டு மீட்டர் என்பது விவசாய இணைப்பு நீங்கலாக மற்றவர்களுக்குத்தான். விவசாயத்துக்கு அவர்கள் சொல்வது ஃபீடரைத் தனியாகப் பிரிப்பது, ஃபீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைப்பது. இலவசம் வேண்டுமா வேண்டாமா என்பது மாநில அரசின் முடிவு, மானியத்தை அரசு கட்டுகிறது. வீட்டுக்குக் கொடுக்கும் இலவச யூனிட்டும் அப்படித்தான், மீட்டர் பெட்டி மாறினால் அது மாறாது.

என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். டிரான்ஸ்பார்மர் மீட்டர் விவசாயிக்கு எதிரி இல்லை, விவசாயிக்குச் சாட்சி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேலே பம்ப்செட் இருக்கிறது, பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. அப்படியானால் விவசாயம் எவ்வளவு எடுத்தது என்பது மதிப்பீடுதான். கம்பியில் சூடாகி வீணானது, கொக்கி போட்டு எடுத்தது, மீட்டர் ஓடாமல் நின்றது, இந்த மூன்றையும் விவசாயத்தின் தலையில் ஏற்றிவிட்டால் கேட்க ஆள் கிடையாது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து இலவச மின்சாரத்தால்தான் நஷ்டம் என்று பேசுவார்கள். கிணற்றுக்குக் கிணறு மீட்டர் வைக்காமலேயே, இந்த டிரான்ஸ்பார்மரில் இத்தனை யூனிட் இறங்கியது, இதில் இத்தனை கிணறு என்று தெரிந்தால், விவசாயம் எடுத்தது இவ்வளவுதான் என்று நாமே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதனால் வீட்டு மீட்டரை மாற்றுவதற்கு முன்னால் ஃபீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வையுங்கள் என்று கேட்க வேண்டும் என்பேன். வரிசை மாறிப்போனால் நுகர்வோரின் ஒவ்வொரு யூனிட்டும் தெரியும், வழியில் காணாமல்போனது மட்டும் தெரியாது.

வேலி விஷயத்தில் கூட்டத்தில் பேசியவர் சொன்னதை நம்பிவிடாதீர்கள். கொக்கி போட்டு மோட்டார் ஓட்டினால், டிரான்ஸ்பார்மர் கணக்கும் இணைப்புகளின் கணக்கும் இடித்து, திருட்டு தெரியும். ஆனால் மின்வேலி அப்படி இல்லை. வேலிக் கம்பியில் கரண்ட் ஏற்றி வைத்திருக்கும்போது அது எதையும் ஓட்டவில்லை, யாரும் தொடாதவரை ஆம்ப்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். கணக்கில் இடிக்காது. தொட்ட கணத்தில் கசியும் கரண்டும் ஒரு டிரான்ஸ்பார்மரின் பளுவில் தூசுதான். எந்த ஸ்மார்ட் மீட்டரும் அதை முன்கூட்டியே பிடிக்காது, இதை நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. திறந்த கம்பிக்குப் பதிலாக பிளாஸ்டிக் உறை போட்ட முறுக்குக் கேபிள் போட்டால் கொக்கி மாட்ட இடமே இருக்காது. பம்ப் அறையில் 30 மில்லிஆம்ப் கசிவுக்கே விழுந்துவிடும் பிரேக்கர் இருந்தால், அந்தப் பிரேக்கருக்குப் பின்னாலிருந்து வேலிக்கு எடுத்தாலும் தொட்டதும் துண்டாகிவிடும். காட்டோரக் கிராமங்களில் கம்பியின் உயரத்தைக் கூட்டுவதும் செய்தே ஆக வேண்டிய வேலை. ஸ்மார்ட் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த அடிப்படை வேலைகளைத் தள்ளிப்போடக் கூடாது.

கரண்ட் போன பிறகு திரும்ப வரும் நேரத்தைக் குறைப்பது, அதில் இந்தத் தொழில்நுட்பம் நிஜமாகவே உதவும். கோடை மழையில் பென்னாகரம் பக்கம் ஒரு ஃபீடர் விழுந்தால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? இருட்டில், டார்ச் அடித்துக்கொண்டு, லைனை நடுவில் வெட்டுவோம், அதாவது பாதி வழியில் கம்பத்தில் இருக்கும், லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்துவிட்டு துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு சார்ஜ் பண்ண, அதாவது கரண்ட் விடச் சொல்வோம். பிரேக்கர் விழாமல் தாங்கினால் கோளாறு சுவிட்சுக்கு அந்தப் பக்கம், விழுந்தால் இந்தப் பக்கம். அப்புறம் அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கு. கடைசியில் ஒரு கம்பத்தின் கீழே போய் நின்று பார்த்தால் பின் இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல், மழை ஈரத்தில் மட்டும் அது வழியாகக் கரண்ட் இறங்கும், காய்ந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு பீங்கானுக்காக நாற்பது கிராமம் விடியவிடிய இருட்டில் இருக்கும். ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் கோளாறு இருக்கும் இடத்தில் பெரிய கரண்ட் பாயும், கம்பிக்கும் கெடுதல், கீழே யாராவது இருந்தால் உயிருக்கும் ஆபத்து.

கோளாறு காட்டி என்று ஒரு சின்னக் கருவி, கம்பியிலேயே தொங்கவிடலாம், தன் வழியாகக் கோளாறுக் கரண்ட் பாய்ந்தால் சிவப்பு விளக்கு மின்னி செய்தியும் அனுப்பும். எது வரைக்கும் மின்னுகிறதோ அதற்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் கோளாறு. அதோடு தானாகத் திறந்து மூடும் சுவிட்சுகள் இருந்தால் கெட்ட துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற ஊர்களுக்குப் பக்கத்து ஃபீடரிலிருந்து சப்ளை கொடுத்துவிடலாம். லைன்மேன் நேராக அந்தக் கம்பத்துக்குப் போனால் போதும். அவர்கள் பாடும் கொஞ்சம் குறையும், மழையில் கம்பம் ஏறுகிறவர்கள் அவர்கள்தானே. ஆனால் பக்கத்து ஃபீடரோடு இணைப்பு இருந்தால்தான் இது நடக்கும். நம் மலை ஃபீடர்கள் பல ஒற்றைக் கோடாகப் போய் முடிந்துவிடுகின்றன. முதலில் அந்த இணைப்பைப் போட வேண்டும்.

கிருஷ்ணகிரி_மாடி எழுதியது:

கிருஷ்ணகிரியில் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன், 2024ல் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில். 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, ஊரில் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இருக்குமா என்றுதான். இருக்காது. லைனில் கரண்ட் இல்லை என்று தெரிந்த கணமே இன்வெர்ட்டர் நின்றுவிடும். அது குறை இல்லை, லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் என் மாடியிலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பேட்டரி தனியாக வைத்தால் வீட்டுக்கு மட்டும் ஓடும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மின்சாரம் இப்போது ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவில் நாலு மாடியிலிருந்து லைனுக்கு ஏறுகிறது, தெருவில் அந்நேரம் யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை, வோல்டேஜ் மேலே போகிறது. மாரண்டஅள்ளி அண்ணாவுக்கு 340 என்று குறைவாக வருகிறது, எங்களுக்குச் சில மதியங்களில் வீட்டு லைனில் 250ஐத் தாண்டி இன்வெர்ட்டரே கோபித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இரண்டுமே அடுத்தடுத்த மாவட்டங்களில் ஒரே மதியத்தில் நடக்கலாம். இதைச் சரிப்படுத்த எங்கே உபரி, எங்கே பற்றாக்குறை என்று ஒருவருக்கு நேரத்தோடு தெரிய வேண்டும், அதற்குத்தான் அளவிடுவதும் ரிமோட்டில் இயக்குவதும்.

அப்புறம் ஒன்று, பேட்டரி பேட்டரி என்கிறார்களே, நம் பக்கம் ஏற்கெனவே பெரிய சேமிப்பு இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரியிலிருந்து இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுகிறோம், ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டி. அந்தப் பம்பிங்கை முடிந்த அளவு வெயில் நேரத்துக்குத் தள்ளி, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை குறைத்துக்கொண்டால் உச்ச நேரப் பளு இறங்கும், யார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் நிற்காது. கோவை மாவட்டம் காடம்பாறையில் இரவில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நாம் இறக்கி மின்சாரம் எடுக்கப்போவதில்லை, ஏற்றும் நேரத்தை மட்டும் மாற்றுகிறோம். தோட்டத்துக் கிணறுகளும் அப்படித்தான், பகலில் வெயில் உள்ளபோது மூணு பேஸ் வந்துவிட்டால் ராத்திரி பாம்பு, யானை பயத்தில் மடை மாற்றப் போக வேண்டியதில்லை. விவசாயத்துக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பிஎம் குசுமில் விவசாய ஃபீடருக்கே சேர்த்து சோலார் வைக்க வழி இருக்கிறது, துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே உற்பத்தி ஆகி அங்கேயே செலவானால் நூறு கிலோமீட்டர் கொண்டுவரும் இழப்பும் இல்லை.

வீட்டு மீட்டர் பற்றி எனக்கும் ஒரு கவலை உண்டு. அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு ஓடியது என்ற பதிவு வைத்து, வீட்டில் ஆள் இருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பதைக்கூட ஒருவர் சொல்லிவிடலாம். அந்த விவரம் யாரிடம் இருக்கிறது, யாருக்கெல்லாம் காட்டுவார்கள் என்பதை எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மாரண்டஅள்ளி_தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஊரில் யாரும் இப்படி விளக்கிச் சொல்லவில்லை. யானைகள் செத்த இடம் எங்களுக்குப் பக்கம்தான், அம்மா. அதற்கப்புறம் எங்கள் பக்கம் வேலி போடுவது குறைந்திருக்கிறது, பயத்தால்தான்.

டிரான்ஸ்பார்மர் மீட்டர் எங்களுக்குச் சாட்சி என்று சொன்னது மனசில் பதிந்துவிட்டது. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்கலாமா என்று பேசிப் பார்க்கிறேன். ஆனால் அதெல்லாம் வர வருஷம் ஆகும். இந்தத் தக்காளிக்கு நான் இப்போது என்ன செய்வது? எங்கள் டிரான்ஸ்பார்மரில் பதினாறு கிணறு. சிலர் மூணு பேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டுகிறார்கள், நானும் ஓட்டலாமா?

பழைய_லைன் எழுதியது:

அந்தக் கண்டன்சர் வேலை வேண்டவே வேண்டாம் தம்பி. இரண்டு பேஸில் மூணு பேஸ் மோட்டாரை ஓட்டினால் காயில் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கருகும், டிரான்ஸ்பார்மரில் அந்த இரண்டு பேஸ் திணறும். விதிப்படியும் கூடாது.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசு அதிகம் ஆகாது. பதினாறு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் ஆட்டோ ஸ்டார்ட்டரில் கரண்ட் வந்து எத்தனை நேரம் கழித்துக் கிளம்ப வேண்டும் என்று வைக்க டைமர் இருக்கும், பெரும்பாலும் எல்லோருமே அதைக் குறைந்த அளவில் வைத்திருப்பார்கள். முதல் கிணறு அரை நிமிஷம், அடுத்தது ஒரு நிமிஷம், அடுத்தது ஒன்றரை என்று ஆளுக்கு ஒரு நேரமாக வையுங்கள், அத்தனையும் ஒரே நொடியில் கிளம்புவது நிற்கும். அதோடு பாதிப் பேர் முறையின் முதல் பாதி, மீதிப் பேர் அடுத்த பாதி என்று மாற்றி ஓட்டினால் ஓடும்போதும் வோல்டேஜ் நன்றாகவே தெரியும்படி ஏறும். ஸ்மார்ட் கிரிட் கம்ப்யூட்டர் வைத்துச் செய்வதும் இதே காரியம்தான், பளுவை நேரத்தில் பரப்புவது.

இன்னொன்று, மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் சொல்வது இரண்டு பேஸில் ஓட்டப் போடும் கண்டன்சர் இல்லை, பவர் ஃபேக்டருக்காக ஸ்டார்ட்டரோடு இணைக்கும் மூணு பேஸ் கெப்பாசிட்டர். 5 எச்பிக்கு 2 கேவிஏஆர் (கெப்பாசிட்டரின் அளவு), 7.5க்கு 3, உங்கள் 10க்கு 4. நல்ல கம்பெனியாக வாங்குங்கள், நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். பதினாறு பேரும் போட்டால் லைனில் ஆம்ப்ஸ் குறையும், அதற்குத் தகுந்த வோல்டேஜ் ஏறும். ஒருவர் மட்டும் போட்டால் பெரிதாகத் தெரியாது.

மனு கொடுக்கும்போது வெறுமனே லோ வோல்டேஜ் என்று எழுதாதீர்கள். ஒரு வாரம் ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட் மீட்டரையும் ஆம்ப்ஸ் மீட்டரையும் செல்போனில் தேதி நேரம் தெரியப் படம் எடுங்கள், காலை ஒன்று, மூணு பேஸ் வந்ததும் ஒன்று, ஒரு மணி கழித்து ஒன்று. டிரான்ஸ்பார்மர் கட்டமைப்பில் எழுதியிருக்கும் அதன் அடையாள எண்ணான எஸ்எஸ் நம்பர், அதன் கேவிஏ, எத்தனை இணைப்பு, ஒவ்வொன்றும் எத்தனை எச்பி, பதினாறு பேர் கையெழுத்து, ஒவ்வொருவரின் மின் இணைப்பு எண். உள்ள எச்பியை உள்ளபடி எழுதுங்கள், 10ஐ 7.5 என்று எழுதினால் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் போகும். பிரிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கும் போன் செய்து புகார் எண் வாங்கி மனுவின் நகலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாரண்டஅள்ளி_தோட்டம் எழுதியது:

செய்கிறோம் சார். டைமர் நேரம் பிரிப்பதை ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறேன். மூன்று பேரிடம் ஆட்டோ ஸ்டார்ட்டருக்குப் பதிலாக சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் இருக்கிறது, அதிலும் தாமத நேரம் வைக்க முடியுமா?

பழைய_லைன் எழுதியது:

பெரும்பாலான மாடலில் முடியும், பெட்டியோடு வந்த தாளில் எஸ்எம்எஸ் அனுப்பி வைக்கும் முறை போட்டிருக்கும். இல்லாவிட்டால் அந்த மூன்று பேரையும் ஆட்டோவை அணைத்துவிட்டுக் கடைசியில் கையால் போடச் சொல்லுங்கள்.